எறும்பு வீரர்களும் தமிழ் மறவனும்
பூச்சிப் பெயர்களின் வழியே ஒரு சொல் பாடம்

‘மரம்’ இடுகுறிப்பெயர், ‘பறவை’ காரணப்பெயர். இந்த இரண்டு எடுத்துக்காட்டுகளோடு பெயர்ச்சொல் பாடம் பல வகுப்பறைகளில் முடிந்துவிடுகிறது. தேர்விலும் இவையே கேட்கப்படுவதால் மாணவர்கள் மதிப்பெண் பெற்றுவிடுகிறார்கள். ஆனால் பாடநூலில் இல்லாத ஒரு பெயரைக் கொடுத்து, இது எவ்வகை, ஏன் என்று கேட்டால் தடுமாறுகிறார்கள். ஒரு பெயரைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் அவர்களுக்குள் வேரூன்றவில்லை என்பதே காரணம்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் தமிழ் கற்பிக்கும் நான், இந்தப் பாடத்திற்குச் சில ஆண்டுகளாகப் பூச்சிகளின் பெயர்களைப் பயன்படுத்துகிறேன். இதற்குச் செலவில்லை; பள்ளி வளாகத்திலேயே பொருள் கிடைக்கிறது; அறிவியல் ஆசிரியரும் சமூக அறிவியல் ஆசிரியரும் உடன் சேர்ந்துகொள்ள இடமிருக்கிறது. பூச்சிகளையும் போர்வீரர்களையும் இணைக்கும் பெயர்கள் பழங்கிரேக்கத்திலும் இருக்கின்றன, தமிழிலும் இருக்கின்றன. அவற்றை அருகருகே வைத்துப் பார்த்தபோது வகுப்பில் நடந்தவற்றையும், நான் திரட்டிய செய்திகளையும் இங்கே பகிர்கிறேன்.

எறும்பிலிருந்து வந்த படை

கிரேக்க மொழியில் எறும்புக்கு ‘மிர்மெக்ஸ்’ என்று பெயர். எறும்புகளைப் பற்றிய அறிவியல் துறைக்கு ‘மிர்மிகாலஜி’ என்ற பெயர் இதிலிருந்துதான் வந்தது. டிராய் போரில் மாவீரன் அக்கிலிஸ் தலைமையில் போரிட்ட படையினருக்கு ‘மிர்மிடோன்கள்’ என்று பெயர். இரண்டு சொற்களின் ஒலி ஒற்றுமையை மாணவர்கள் தாங்களாகவே கண்டுபிடிப்பார்கள். பலகையில் இரண்டையும் மேலும் கீழுமாக எழுதிவிட்டு நாம் ஒதுங்கி நின்றால் போதும்.

பெயருக்கான கதை இது. ஈஜினா என்ற தீவில் ஏயகஸ் என்றொரு அரசன் இருந்தான். ஹீரா என்னும் தெய்வத்தின் சினத்தால் அங்குக் கொள்ளைநோய் பரவி மக்கள் மடிந்தார்கள். ஆளில்லாத நாட்டில் தனித்து நின்ற அரசன், ஒரு கருவாலி மரத்தில் சாரைசாரையாக இரை சுமந்து ஏறும் எறும்புகளைக் கண்டான். இத்தனை குடிமக்களைத் தரவேண்டும் என்று சீயஸ் கடவுளிடம் வேண்டினான். எறும்புகள் மனிதர்களாக எழுந்தன. அவர்களே மிர்மிடோன்கள். உழைப்பு, சிக்கனம், சேர்த்ததை விடாமல் காத்தல் ஆகிய எறும்புக் குணங்கள் மனிதரான பின்னும் அவர்களிடம் இருந்தன என்று உரோமானியக் கவிஞர் ஓவிட் தம் ‘உருமாற்றங்கள்’ நூலின் ஏழாம் பகுதியில் சொல்கிறார். ஏயகஸின் மகன் பீலியஸ். பீலியஸின் மகன் அக்கிலிஸ். தாத்தா பெற்ற எறும்புக் குடிகள் பேரனின் படையானார்கள்.

இதில் ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இந்தப் படையைப் பற்றி மிக விரிவாகப் பாடிய ஹோமர், ‘இலியட்’ காப்பியத்தில் எறும்புக் கதையைச் சொல்லவே இல்லை. பதினாறாம் பகுதியில் மிர்மிடோன்கள் போருக்குப் புறப்படும்போது அவர் காட்டும் உவமை குளவி. பாதையோரத்தில் கூடு கட்டிய குளவிகளைச் சிறுவர்கள் சீண்டிவிட்டுப் போகிறார்கள். பிறகு அவ்வழியே வரும், ஏதும் அறியாத வழிப்போக்கர்மீது குளவிகள் தம் குஞ்சுகளைக் காக்கப் பாய்கின்றன. இதை நம் மாணவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பள்ளிக்கு வரும் வழியில் பனைமரத்திலோ பாழடைந்த கட்டடத்திலோ தொங்கும் கூட்டின்மீது கல்லெறிந்த அனுபவம் யாருக்காவது இருக்கும். அந்த வழியாகப் பின்னால் சைக்கிளில் வந்து கொட்டு வாங்கியவர் பற்றிய செய்தியும் இருக்கும்.

அதே பகுதி கணக்குப் பாடத்திற்கும் உதவும். அக்கிலிஸ் கொண்டுவந்த கப்பல்கள் 50, ஒவ்வொன்றிலும் 50 பேர், ஐந்து தலைவர்கள். ஆக மொத்தம் எத்தனை வீரர், சமமாகப் பிரித்தால் ஒரு தலைவருக்கு எத்தனை பேர் என்று ஐந்தாம் வகுப்பிலேயே கேட்கலாம்.

கதை முந்தியதா, பெயர் முந்தியதா?

கதை சுவையாக இருப்பதனாலேயே அது பெயருக்குக் காரணம் ஆகிவிடாது. மிர்மிடோன் என்ற பழைய இனப்பெயர் ஒன்று இருந்து, அது எறும்பைக் குறிக்கும் சொல்போல ஒலித்ததால், பின்னால் வந்தவர்கள் கதை கட்டியிருக்கவும் கூடும். கிரேக்கர்களே இந்தக் கதையோடு நின்றுவிடவில்லை. புவியியல் அறிஞர் ஸ்டிராபோ வேறொரு விளக்கம் தருகிறார்: ஈஜினா பாறை நிறைந்த தீவு, அங்குள்ளவர்கள் எறும்பைப்போல மண்ணைத் தோண்டி எடுத்துப் பாறைமேல் பரப்பிப் பயிர் செய்தார்கள், செங்கல்லை மிச்சப்படுத்தக் குழிகளில் வாழ்ந்தார்கள், அதனால் இந்தப் பெயர். வேறு சிலர் மிர்மிடோன் என்ற பெயருடைய முன்னோனைக் காட்டினார்கள். ஒரே பெயருக்கு மூன்று காரணங்கள்!

நமக்கு அருகிலேயே இதற்கு இணையான ஒன்று இருக்கிறது. புதுக்கோட்டையிலிருந்து திருச்சி சென்றால் எட்டிவிடும் தொலைவில் திருவெறும்பூர். அப்பர் தேவாரத்தில் இடம்பெற்ற ஊர். தாரகாசுரனால் துன்புற்ற தேவர்கள் எறும்பு உருக்கொண்டு சென்று சிவனை வழிபட்டதாகத் தலபுராணம் சொல்லும். இறைவன் பெயர் எறும்பீசுவரர். கிரேக்கக் கதையில் எறும்புகள் படைவீரர் ஆயின; திருவெறும்பூர்க் கதையில் போரில் நொந்தவர்கள் எறும்பு ஆனார்கள். இரண்டிலும் ஒரு பெயரும் ஒரு கதையும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்கின்றன. நம்பிக்கையைக் குறைத்துப் பேசாமல், ‘கதை சொல்லும் காரணம்’, ‘மொழி காட்டும் காரணம்’ என்று இரண்டு தலைப்புகள் இட்டு மாணவர்களை எழுதச் செய்வது நல்லது.

ஒரு சொல்லின் பொருளுக்கான காரணம் பார்த்தவுடன் வெளிப்பட்டுவிடாது என்று தொல்காப்பிய உரியியல் எச்சரிக்கிறது. காரணமே இல்லை என்று அது சொல்லவில்லை. எளிதில் தெரியாது என்கிறது. சொல்லாராய்ச்சிக்கு நாம் மாணவர்களுக்குக் கற்றுத்தர வேண்டிய முதல் ஒழுக்கம் இதுதான். ஒலி ஒத்துவந்த உடனே ‘இதிலிருந்துதான் அது வந்தது’ என்று முடிவுகட்டும் வழக்கம் இன்று பெருகியிருக்கிறது. கைப்பேசியில் வரும் இத்தகைய செய்திகளை மாணவர்கள் நம்பிப் பரப்புகிறார்கள். மிர்மிடோன் கதை அதற்கு நல்ல மாற்று மருந்து.

பள்ளித் தோட்டத்தில் டிராய் போர்

கார்ல் லின்னேயஸ் 1758-இல் வெளியிட்ட ‘இயற்கையின் ஒழுங்குமுறை’ பத்தாம் பதிப்பில்தான் விலங்குகளுக்கு இருசொற்பெயர் இடும் முறை நிலைபெற்றது. பெரிய பட்டாம்பூச்சிகளை அவர் ‘வீரர்’ என்ற தொகுதியில் வைத்து, அதை இரண்டு அணியாகப் பிரித்தார்: டிராய் வீரர், கிரேக்க வீரர். பெரும்பாலும் கறுப்பாக, மார்பில் இரத்தச் சிவப்புப் புள்ளிகளோடு இருப்பவை டிராய் அணி. அந்தச் சிவப்பு இல்லாதவை கிரேக்க அணி. பிறகு ஹோமரின் பாத்திரங்களை வரிசையாக எடுத்துப் பெயரிட்டார். அப்பெயர்களில் பல இன்றும் வழக்கில் உள்ளன. அந்த ‘வீரர்கள்’ சிலர் நம் பள்ளித் தோட்டத்தில் பறந்துகொண்டிருக்கிறார்கள்.

கறுப்புச் சிறகும் செந்நிற உடலும் கொண்ட பட்டாம்பூச்சி ஒன்றை நாம் அடிக்கடி பார்க்கலாம். பேக்லியாப்டா ஹெக்டர் என்பது அதன் இன்றைய அறிவியல் பெயர். ஹெக்டர், டிராய் நகரின் தலைமை வீரன். அக்கிலிஸின் கையால் மாண்டவன். இதன் புழுக்கள் ஆடுதீண்டாப்பாளை, ஈசுவரமூலி ஆகியவற்றின் இலைகளைத் தின்று வளர்கின்றன. ஆடும் தீண்டாத அந்த இலையின் நச்சு பூச்சியின் உடலில் தங்கிவிடுவதால் பறவைகள் அதை உண்ண விரும்புவதில்லை. ‘ஆடுதீண்டாப்பாளை’ என்ற பெயரே ஓர் அறிவியல் குறிப்பு என்பதை மாணவர்களுக்குச் சுட்டிக்காட்டத் தவற வேண்டாம்.

கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தைச் செடிகளில் வளர்வது பாப்பிலியோ பாலிடெஸ். ஹெக்டரும் பாலிடெஸும் டிராய் மன்னன் பிரியமின் பிள்ளைகள்; உடன்பிறந்தவர்கள். இந்தப் பட்டாம்பூச்சிக்கு நச்சு கிடையாது. ஆனால் இதன் பெண் பூச்சிகளில் ஒரு வகை, நச்சுடைய ஹெக்டரைப் போன்ற சிவப்புப் புள்ளிகளோடு பறந்து பறவைகளை ஏமாற்றுகிறது. இப்படித் தீங்கற்ற உயிர் நச்சுள்ள உயிரின் தோற்றம் கொள்வதை 1862-இல் ஹென்றி வால்டர் பேட்ஸ் விளக்கினார். லின்னேயஸ் பெயரிட்ட காலத்தில் இந்த ஒப்புருமை பற்றி யாருக்கும் தெரியாது. ஆயினும் அண்ணனின் கவசத்தைத் தம்பி அணிந்துகொண்டதுபோல் பெயர் அமைந்துவிட்டது. இதைச் சொன்னால் எட்டாம் வகுப்பு மாணவர் ஒப்புருமையை மறக்கமாட்டார்.

பல அரசுப் பள்ளிகளின் நுழைவாயிலில் ‘அசோகா’ என்று நாம் அழைக்கும் நெட்டிலிங்க மரங்கள் வரிசையாக நிற்கும். அவற்றின் இலையைத் தின்று வளர்வது கிராபியம் அகமெம்னன். கறுப்பில் பச்சைப் புள்ளிகள் இட்ட, ஓரிடத்தில் நில்லாத பட்டாம்பூச்சி. அகமெம்னன் கிரேக்கப் படைகளின் தலைவன். ஆக, வாயிலில் கிரேக்கத் தலைவன். வேலியோரத்தில் டிராய் தலைவன்!

இப்போது பெயர்ச்சொல் பாடத்திற்கு வருவோம். ஹெக்டர் என்பது காரணப்பெயரா, இடுகுறிப்பெயரா? முதலில் வகுப்பு முழுவதும் ‘காரணப்பெயர்’ என்றே சொல்லும், கதை இருப்பதால். அந்தப் பூச்சிக்கும் அந்த மனிதனுக்கும் என்ன தொடர்பு என்று கேளுங்கள். மார்பின் சிவப்பு அணியைத் தீர்மானித்தது. ஆனால் அந்த அணியில் இதற்கு ஹெக்டர் என்றும் மற்றொன்றுக்குப் பாரிஸ் என்றும் இட்டதற்குப் பூச்சியின் இயல்பில் காரணம் தேட முடியாது. அணிப்பெயரில் காரணம் உண்டு. தனிப்பெயர் இட்டு வழங்கியது. விவாதித்து இந்த முடிவுக்கு வரும் மாணவருக்கு ‘மரம்’, ‘பறவை’ இரண்டும் இனி வெறும் மனப்பாடம் அல்ல.

நம் ஊர் வீரர்கள்

இதே பட்டாம்பூச்சிகளுக்கு இன்று தமிழில் வழங்கும் பெயர்களைப் பாருங்கள். ஹெக்டர், ‘சிவப்புடல் அழகி’. பாலிடெஸ், ‘கறிவேப்பிலை அழகி’. ஓரிடத்தில் போர்வீரனாகத் தெரிந்தது மற்றோரிடத்தில் அழகியாகத் தெரிகிறது. உடலின் நிறமும் உணவுச் செடியும் பெயரிலேயே இருப்பதால் இவை காரணப்பெயர்கள். கற்பிப்பதற்கு இவையே எளியவை.

தமிழர் போரையே பூவால் பெயரிட்டவர்கள். வெட்சி, வஞ்சி, நொச்சி, தும்பை, வாகை என்று புறத்திணைகள் பலவும் பூப்பெயர்கள். நேருக்கு நேர் நின்று பொரும் போருக்குரிய தும்பை நம் சாலையோரத்தில் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறது. காலை இடைவேளையில் பத்து நிமிடம் அதனருகே நின்றால் எத்தனை வகைப் பூச்சிகள் அந்தப் பூவுக்கு வருகின்றன என்று எண்ணலாம். புறத்திணைப் பாடத்தை நான் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பூச்சிகளுக்கு நாட்டுப்புறத்தார் இட்ட பெயர்களிலும் வீரம் உண்டு. மண்கூடு கட்டிப் புழுவைக் கொட்டித் தூக்கிவரும் குளவிக்கு ‘வேட்டுவன்’ என்றொரு பெயர். வேட்டையாடுபவன் என்பது பொருள். முன்னங்கால்களை மடக்கி நிற்பதைக் ‘கும்பிடுபூச்சி’ என்கிறோம். கிரேக்கர் அதை ‘மேன்டிஸ்’, அதாவது குறிசொல்லும் அருளாளர் என்றார்கள். இரண்டு மொழிக்காரர்களும் ஒரே தோற்றத்தைக் கண்டு பக்தி என்றே நினைத்தார்கள். உண்மையில் அந்த மடக்கிய கால்கள்தாம் அதன் ஆயுதம். இரை அருகில் வந்ததும் நொடியில் பாயும். பகைவரின் தொழுத கைக்குள்ளும் படைக்கருவி மறைந்திருக்கலாம் என்று கூடாநட்பு அதிகாரத்தில் வள்ளுவர் எச்சரிப்பதை இந்தப் பூச்சியைக் காட்டி விளக்கினேன். மறுநாளே ஒரு மாணவி கும்பிடுபூச்சியின் படத்தை வரைந்து அதனடியில் அக்குறளை எழுதி வந்தாள்.

ஆலங்குடி, வடகாடு பக்கத்துப் பிள்ளைகளுக்கு மா மரத்திலும் பலா மரத்திலும் இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டும் செந்நிற முசுறு நன்றாகத் தெரியும். சங்க இலக்கியத்தில் இதன் பெயர் முயிறு. அறிவியல் பெயர் ஈக்கோபில்லா ஸ்மராக்டினா. கிரேக்கத்தில் ‘ஓய்கோஸ்’ வீடு, ‘பில்லோன்’ இலை. இலைவீடு! ஐயத்திற்கு இடமில்லாத காரணப்பெயர். கூட்டைக் காக்க இவை கூட்டமாக வந்து கடிப்பதைப் பார்த்தவர்கள் ‘படை’ என்ற சொல்லை இயல்பாகவே சொல்வார்கள். இங்கே ஒரு செய்தியைச் சேர்க்க வேண்டும். எறும்புகளில் உழைப்பவையும் சண்டையிடுபவையும் பெண் எறும்புகள். முசுறுக் கூட்டத்தில் எல்லையைக் காக்க முன்னே நிற்பவை அவற்றிலும் வயது முதிர்ந்தவை. ‘எறும்பு வீரன்’ என்று நாம் எழுதும் சொல்லின் ‘அன்’ விகுதி அறிவியல்படி பொருந்தாது என்று சொன்னதும் வகுப்பில் மாணவிகளின் முகம் மலர்ந்ததைக் கண்டேன். எறும்பை மூவறிவுயிர் என்று தொல்காப்பிய மரபியல் வகைப்படுத்தியதையும் இத்துடன் சேர்த்துக் கற்பிக்கலாம்.

தமிழ் மறவன்

2019-இல் தமிழ்நாடு அரசு ‘தமிழ் மறவன்’ என்னும் பட்டாம்பூச்சியை மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்தது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழ்வது. செம்மஞ்சள் நிறம், கரிய ஓரம். கூட்டமாகத் திரியும் இயல்பு. சமவெளியான நம் மாவட்டத்துப் பிள்ளைகள் இதைப் படத்தில்தான் பார்க்க முடியும். சிர்ரோக்ரோவா தாய்ஸ் என்ற அறிவியல் பெயரின் முற்பகுதி ‘செம்மஞ்சள் மேனி’ என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களால் ஆனது. தாய்ஸ் என்ற பெயரில் அலெக்சாந்தரின் படையெடுப்போடு சென்ற ஏதென்சு நகரப் பெண் ஒருத்தி வரலாற்றில் உண்டு.

ஆசிரியர் மிகுந்த கவனத்தோடு கடக்க வேண்டிய இடம் இது. ஒன்பதாம் வகுப்பில் படத்தைக் காட்டிப் பெயரைப் பலகையில் எழுதியதும், “சார், அது எங்க ஆளுங்க பேரு சார்” என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். “அப்ப எங்க பேர்ல பூச்சி இல்லையா சார்?” என்றான் இன்னொருவன். பாதி வகுப்பு சிரித்தது, பாதி சிரிக்கவில்லை. சிரிக்காதவர்களின் முகங்களை நான் பார்த்தேன். அதட்டி அடக்கினால் அந்தப் பேச்சு வகுப்புக்கு வெளியே தொடரும் என்று தோன்றியது.

பலகையில் மூன்று இணைகளை எழுதினேன்: புலம் – புலவன், அறம் – அறவன், மறம் – மறவன். முதல் இரண்டையும் அவர்களே விளக்கினார்கள். அறிவுடையவன் புலவன், அறம் உடையவன் அறவன். அப்படியானால் மூன்றாவது? “வீரம் இருக்கறவன் சார்” என்றார்கள். புலவன் பிறப்பால் ஆகிறவனா என்று கேட்டேன். இல்லை என்றார்கள். பிறகு சொன்னேன்: சங்கப் பாடல்களில் இது போர்வீரனைக் குறிக்கும் சொல். காலப்போக்கில் சில சொற்கள் மக்கள் பிரிவுகளின் பெயராகவும் ஒட்டிக்கொள்கின்றன; அது வரலாறு. அதை இகழவும் வேண்டாம், இந்தப் பூச்சியை ஒருவர் மட்டும் உரிமை கொண்டாடவும் வேண்டாம். பட்டாம்பூச்சியின் பெயரில் உள்ளது குணத்தின் பெயர்.

மிர்மிடோன் என்ற சொல்லுக்குப் பின்னாளில் நேர்ந்ததையும் சொன்னேன். ஆங்கிலத்தில் அது இன்று, கேள்வி கேட்காமல் ஏவியதைச் செய்யும் அடியாளைக் குறிக்கிறது. வீரத்துக்குப் புகழ்பெற்ற படையின் பெயர், எறும்பு வரிசைபோல் முன்னே போகிறவன் பின்னே போகிறவர்களின் பெயராகச் சுருங்கிவிட்டது. வள்ளுவர் படைமாட்சியில் படைக்கு வேண்டிய நான்கில் மறத்தை முதலில் வைக்கிறார். அவரே அன்புடைமையில் மறத்துக்கும் அன்பே துணை என்கிறார். இரண்டையும் எழுதிவிட்டு, நம் பள்ளியில் மறம் என்று எதைச் சொல்லலாம் என்று கேட்டேன். சற்று நேரம் அமைதி. பிறகு முன்வரிசையில் ஒரு மாணவி சொன்னாள்: “எல்லாரும் குளவிக் கூட்டுல கல்லெறியச் சொல்றப்ப, மாட்டேன்னு சொல்றது சார்.” அதற்குமேல் நான் விளக்கம் சொல்லவில்லை.

வகுப்பறையில் செய்து பார்க்க

தொடக்க வகுப்புகளுக்கு: பள்ளி வளாகத்தில் காணும் பூச்சிகளுக்கு வீட்டில் வழங்கும் பெயர்களைக் கேட்டுவரச் சொல்லுங்கள். சாமி எறும்பு, கட்டெறும்பு, சுள்ளெறும்பு, பிள்ளைப்பூச்சி, பொன்வண்டு, வெட்டுக்கிளி எனப் பட்டியல் நீளும். ஊருக்கு ஊர் பெயர் மாறினால் எல்லாவற்றையும் எழுதுங்கள். எதையும் தவறு என்று நீக்க வேண்டாம். பூச்சியைப் பிடிக்காமல், தொடாமல் பார்த்து வரையட்டும். குளவிக் கூடு, தேன்கூடு உள்ள இடங்களுக்கு அழைத்துச் செல்ல வேண்டாம்.

நடுநிலை வகுப்புகளுக்கு: அப்பட்டியலை நிறத்தால், வடிவத்தால், செயலால், உணவால், கதையால் பெயர் பெற்றவை என்று ஐந்தாகப் பிரிக்கலாம். காரணம் தெரியாதவற்றுக்கு ஆறாவதாக ஒரு கட்டம் இருக்கட்டும். அந்தக் கட்டம் நிரம்பினால் குறையாக எண்ண வேண்டாம்.

உயர்நிலை வகுப்புகளுக்கு: அறிவியல் ஆசிரியரோடு இணைந்து, பாடநூலில் வரும் பத்து உயிரினங்களின் அறிவியல் பெயர்களை எடுத்து, எவை காரணப்பெயர், எவை இட்டு வழங்கிய பெயர் என்று ஆராயச் சொல்லுங்கள். ஒவ்வொரு முடிவுக்கும் ‘எப்படித் தெரியும்?’ என்ற கேள்விக்கு விடையும் எழுத வேண்டும்.

தோட்டத்திற்கு: கறிவேப்பிலைச் செடியில் புழு கண்டவுடன் மருந்து தெளிக்கும் வழக்கத்தை ஒரு செடிக்கு மட்டுமாவது விலக்குங்கள். எங்கள் பள்ளியில் ஒரு செடியை மாணவர்கள் ‘பாலிடெஸ் செடி’ என்று பெயரிட்டு விட்டுவைத்திருக்கிறார்கள். இலைகளில் பாதி ஓட்டைதான். ஆனால் முன்பு புழுவைக் கண்டதும் காலால் தேய்த்த பிள்ளைகள், இப்போது அதன் பெயரைச் சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டுக் காட்டுகிறார்கள்.